கரண்டியின் முதுகு

பொங்கோலில் பதினான்காம் மாடி.
குழந்தைக்கு இன்று எழுபத்தோராம் நாள்.
இன்றுதான் முதல் விருந்து,
அதாவது
தொட்டிலை எட்டிப் பார்ப்பதற்கென்று வராத விருந்து.

சமையல் மேடையில் ஆறு சின்னக் குவளைகள்.
குடிக்கக் கூடாதவள்தான் இந்த வீட்டில்
ஒழுங்காக ஊற்றத் தெரிந்தவள்.

முதலில் காப்பி லிக்கர்.
அதற்கு வித்தை வேண்டாம், விழுந்த இடத்தில் கிடக்கும்.
அதன்மேல் ஐரிஷ் கிரீம்.
இங்கேதான் கரண்டியைக் கவிழ்க்க வேண்டும்.
நுனி கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் இருக்க,
முதுகின் மேல் நூலாய் விட்டால்
வேகம் செத்து வழிந்து
காப்பியின் மேல் சத்தமில்லாமல் படுத்துக்கொள்ளும்.
மூன்றாவது ஆரஞ்சு.
அதை மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்ற வேண்டும்.

சர்க்கரை மிகுந்தது அடியில்.
சாராயம் மிகுந்தது மேலே.
இதில் இருக்கும் ரகசியம் இவ்வளவுதான்.
"நம் ஆபீஸ்தான்" என்றாள் பெய் ஷான்,
"இனிமையானவர்கள் எல்லாம் கீழ்த்தளத்தில்."

போன வருடம் எனக்குக் கை நடுங்கும்.
மூன்றும் கலந்து சேறாகும்.
தே தாரிக் ஆற்றுகிறாயா என்பான் திருவரசு.
இந்த எழுபது இரவுகளில்
மூக்கில் ஏறாமல், கடைவாயில் வழியாமல்
பாலாடையால் புகட்டிப் புகட்டி
கைக்கு ஒரு நிதானம் வந்திருக்கிறது.
யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

ஹைருல் குடிப்பதில்லை.
அவனுக்கு ஏழாவதாய் அதே மாதிரிக் குவளை,
அடியில் ரோஜா சிரப் காத்திருந்தது.
"பண்டோங்கைக் கலக்காமல் கொடுப்பதா!
அம்மா பார்த்தால் உன்னை விடமாட்டார்."
பால் எங்கே என்று கேட்டபடியே
பெய் ஷான் குளிர்பெட்டியைத் திறந்தாள்.
மேல்தட்டிலிருந்து ஒரு புட்டியை எடுத்து
வெளிச்சத்தில் பிடித்தாள்.

"இதுவும் நீ அடுக்கியதா? எவ்வளவு அழகு!"

அடியில் நீலம் பாய்ந்த வெள்ளை.
மேலே விரற்கடை உயரம் மஞ்சள் ஏடு.
விடியற்காலை நான்கு மணிக்கு நான் எடுத்த பால்.
தேதியும் நேரமும் எழுதி ஒட்டியிருந்தது.
அவள் படிக்கவில்லை.

"வை! அதை வை!"
கரண்டி சாய்ந்தது. ஐந்தாவது குவளை கலங்கிப் போனது.
விஷயம் புரிந்ததும்
ஹைருல் சோபாவிலிருந்து சரிந்தே விட்டான்.
பெய் ஷான் காது வரை சிவந்து
புட்டியை இரண்டு கையாலும்
எரிகிற அகல்விளக்கை வைப்பதுபோல் திரும்ப வைத்தாள்.
அந்தச் சிரிப்பில் குழந்தை எழுந்துவிட்டது.

அதை நான் கரண்டி வைத்து அடுக்கவில்லை, பெய் ஷான்.
கண் செருக, பம்பு கரகரக்க,
உடம்பு தன்பாட்டில் கொடுத்ததைக்
குளிர் தன்பாட்டில் பிரித்து வைத்திருக்கிறது.
அதில் மட்டும்
செழிப்பானது மேலே மிதக்கிறது.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு பார்த்தேன்.
அரைமணி நேர வேலை,
தலையைப் பின்னால் சாய்த்தார்கள், முடிந்தது.
கலங்கியதை எடுத்துக் குடித்த திருவரசு
"ருசி ஒன்றுதான்" என்றான்.
எனக்கு வந்த கோபம்
இன்னும் முழுதாய் இறங்கவில்லை.

பத்தரைக்கு மேல் கடையில் விற்கமாட்டார்கள்.
புட்டி தீர்ந்ததும் பேச்சு வாடகைக்கும்
யாரோ ஒருவரின் முதுகுவலிக்கும் போனது.
பிறகு செருப்புத் தேடும் சத்தம்,
மின்தூக்கிக் கதவு.

ஆறாவது குவளை எனக்கென்று ஊற்றியது.
யாரிடமும் சொல்லவில்லை.
இரண்டு மணிக்கு வந்து பார்த்தேன்,
கோடுகள் கொஞ்சம் மங்கியிருந்தன.
ஆனாலும் நின்றது.
தொட்டியில் சாய்த்தேன். ஆரஞ்சு முதலில் போனது.
காப்பி மட்டும் கடைசிவரை
அடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.
விரலை விட்டு வழித்து நக்கினேன்.
ஒரு துளி. கணக்கில் வராது.

பால்புட்டியை வெந்நீரில் நிறுத்தி
தாதி சொன்னபடி
குலுக்காமல், மெல்லச் சுழற்றினேன்.
ஏடு கரைந்து இறங்கும்வரை
அவள் அழட்டும்.