ஏழாம் பக்கம்

நாடாளுமன்றத்துக்கு அனுப்புவார்கள் என்று
புதுச் சட்டை தைத்துக்கொண்டு போனேன்.
ஜாலான் ஈப்போ கடைவீட்டு மாடியில்
ஏழாம் பக்கத்தைக் கொடுத்தார்கள்:
மரண அறிவிப்பு. அங்குலத்துக்கு இத்தனை வெள்ளி.

ஒரு மாலை, பக்கம் மூடும் நேரம்,
லோரி எண்ணெய் படிந்த விரலால்
தங்கை பெயரைத் தொட்டுக் காட்டினார் ஒருவர்.
"இது வேணாம் தம்பி. அப்பாவுக்கு நாங்க அஞ்சு பேருதான்."
சரி என்றேன்.
மிச்சமான வரியில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினேன்.

மறுநாள் காலை குளுவாங்கிலிருந்து அழைப்பு.
பேப்பர் அங்கே போய்ச்சேர மத்தியானமாகும்.
திலகேஸ்வரி என்றாள்.
அப்பாவை எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?
மூன்று. செராஸ் மின்சுடலை.
பஸ் நேரத்தைத் தனக்குள் கூட்டிப் பார்த்தாள். பிறகு,
"எந்தப் படம் போட்டிருக்கு? மீசை வச்சதா?"
நான் ஒட்டிய படம்தான்,
விரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.
"ஆமா. முறுக்கு மீசை."
"அது நான் எடுத்தது."

செய்தியின் தலையில் என் பெயர் வரும் நாளுக்காக
மூன்று விதமாய் எழுதிப் பழகியவன் நான்.
அடுத்த வருஷம் விலகிவிட்டேன்.

இப்போது சட்ட உதவி நிலையத்தில் மனு எழுதுகிறேன்.
"எல்லார் பேரும் வந்துட்டுதா, இன்னொரு தடவ பாருங்க"
என்று தாளைத் திருப்பிக் கொடுப்பேன்.
வரிசையில் நிற்பவர்கள் முனகுவார்கள்.