குடும்பப் பெயர்

ஆளுக்கு ஒரு நிமிடம் என்றார் பேராசிரியர் குவாபாரா.
முட்டை வேகவைக்கும் கடிகாரம் ஒன்றைத் திருகி
மேசைமேல் வைத்தார்.
ஹகோதாதேயில் ஏப்ரல்.
ஜன்னலுக்கு வெளியே துறைமுகம்,
துறைமுகத்துக்கு வெளியே
நான் புத்தகத்தில் மட்டுமே பார்த்திருந்த கடல்.

முதலில் நதோரி எழுந்தான்.
மூன்று தலைமுறையாகக் கணவாய் பிடிக்கும் வீடு.
"எனக்குத்தான் கணவாய் ஒத்துக்கொள்ளாது,
தின்றால் உடம்பெல்லாம் தடித்துவிடும்."
சிரித்தார்கள்.
அடுத்தவன் நீஸுமா. பாசி, ஒரு பூனை, பனிச்சறுக்கு.
அதற்கடுத்த கஷிவாகி தன் காரைப் பற்றியே பேசினாள்.
நேற்றுத்தான் கழுவினாளாம்,
விடிந்து பார்த்தால் மறுபடி மஞ்சள் தூசி,
எங்கிருந்து வந்து தொலைக்கிறதோ.

எங்கிருந்து என்று எனக்குத் தெரியும்.
கோபிப் பாலையிலிருந்து, எங்கள் சோயிரைத் தாண்டி.
எனக்கு விசா கிடைக்க ஏழு மாதம் ஆனது.
அதற்கு மூன்றே நாள்.

இரவெல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்:
என் நாட்டில் கடல் இல்லை,
அதனால்தான் கடலைப் படிக்க வந்தேன்.
இங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும், சிரிப்பார்கள்.
கணவாயின் தலைக்குள்
மணல்போல ஒரு கல் இருக்கிறது,
நாளுக்கொரு வளையம் கட்டிக்கொள்ளும்.
தேய்த்து எண்ணினால் வயது தெரியும்.
மலைக் கணவாய் கடந்து
கடல் கணவாய்க்கு வயது எண்ண வந்திருக்கிறேன்.
குதிரை ஏறத் தெரியாது, தயவுசெய்து கேட்காதீர்கள்,
நான்காம் மாடியில் வளர்ந்தவள்.
மொத்தம் ஐம்பத்தெட்டு வினாடி.

"ஒத்கொன்ஜர்கல்-சான்."
பட்டியலைப் பார்த்து
எழுத்தெழுத்தாகத் தடுக்கியபடி கூப்பிட்டார்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் சுவர்,
சுவரில் ஒரு திமிங்கிலத்தின் விலா எலும்பு.
அம்மா இல்லை.
அவள் இந்நேரம் சோயிர் ரயில் நிலையத்தில்
மஞ்சள் கொடியைச் சுருட்டி நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி
எல்லைக்குப் போகும் நிலக்கரி வண்டி
கடைசிப் பெட்டிவரை கடக்கட்டும் என்று நின்றிருப்பாள்.

எங்களிடம் பெயருக்கு முன்னால் அப்பா பெயர் வரும்.
எனக்கு அம்மா பெயர்.
ஏன் என்று பள்ளிக்கூடத்தில்
ஒவ்வொரு ஆண்டும் ஒருவர் கேட்டார்.
ஒவ்வொரு ஆண்டும் அழுதேன்,
ஏழாம் வகுப்பில் மட்டும் கடித்தேன்.
இந்தப் பல்கலைக்கழகத்தின் படிவமோ
ஒன்றும் கேட்கவில்லை.
குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
அவளை அப்படியே உட்காரவைத்தது.
இதோ ஒரு பேராசிரியர் லேசாகத் தலை குனிந்து
"சான்" சேர்த்து அவளை அழைக்கிறார்.
நிலைய அதிகாரிகூட
ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
ஐம்பத்தெட்டு வினாடியும் எங்கோ போய்விட்டது.

"அது என் அம்மா" என்றேன்.
"என் பெயர் நொமின்தாரி.
பரவாயில்லை, அம்மா பெயரே இருக்கட்டும்."
பிறகு கஷிவாகியின் பக்கம் திரும்பி,
"அந்தத் தூசியும் எங்களுடையதுதான். மன்னிக்கவும்."

யாருக்கும் புரியவில்லை, என் ஜப்பானிய மொழி அந்த லட்சணம்.
நதோரிதான் வாயைத் திறந்தான்:
"எங்கள் படகுக்கு அம்மா பெயர்.
உங்களில் ஆளுக்கேவா?"
ஆமாம் என்பதற்குள்
மணி அடித்துவிட்டது.

மாலையில் பார்த்தால்
ஆய்வுக்கூட வாசலில் காலணி அலமாரி,
நீஸுமாவுக்கும் நதோரிக்கும் நடுவே
ஒரு புதுச் சீட்டு ஒட்டியிருந்தது.
படமெடுத்து அனுப்பினேன்.
அங்கே ஒரு மணி நேரம்தான் பின்னால்.

"இது என்ன எழுத்து, எறும்பு ஊர்ந்த மாதிரி?"
உன் பெயர், என்று அனுப்பினேன்.

வெகுநேரம் பதில் இல்லை.
வண்டி ஏதாவது வந்திருக்கும்.

இருட்டிய பிறகு வந்தது:
"பெயர் போட்டிருக்கிறார்கள் அல்லவா,
செருப்பைத் தூசி தட்டி வை."