ஒன்பதாம் எண் சட்டை

ஆறு வடிந்து பதினெட்டு நாளாகியும்
தாழ்ந்த தெருக்களில் மெத்தைகள் காயவில்லை.
நிதிக்கு ஓர் ஆட்டம் என்றார்கள்.
இரண்டு கிளப்பின் பழைய ஆட்டக்காரர்கள்.
டிக்கெட்டுக்குப் பதில் ஒரு போர்வை, இல்லையென்றால் ஒரு கிலோ அரிசி.
உருகுவே நதியின் மேல் ஜூன் மாதக் குளிர்.

நான் சலாதேரோ கிளப்பின் சட்டைகளைத் துவைப்பவள்.
நெல்பா. முப்பத்தோரு வருடம்.
ஆட்டம் பற்றி என்னிடம் யாரும் கேட்டதில்லை,
கறை பற்றிக் கேட்பார்கள்.

எங்கள் ஒன்பதாம் எண்காரன் மதியம் போன் செய்தான்,
இடுப்பு பிடித்துக்கொண்டது, படியிறங்க முடியவில்லை என்று.
அந்தப் பக்கம் எஸ்தாசியோனில் ஆள் மிச்சம்.
இதுர்ரால்தேயை அனுப்பிவிடுங்களேன் என்று
யாரோ வேடிக்கைக்குச் சொன்னார்கள்.
சிரிப்பு அடங்கியபோது
அவன் எங்கள் அறை வாசலில் நின்றான்,
அறுபத்து மூன்று வயது, கையில் பூட்ஸ்,
கறுப்பு மஞ்சள் தொப்பியை
எங்கே மாட்டுவதென்று தெரியாமல்.

எண்பத்தொன்பது இறுதி ஆட்டத்தில்
இந்தத் தலை முட்டிய பந்துக்காகத்தான்
என் கணவர் ரேடியோவை ஜன்னல் வழியே எறிந்தார்.
புது ரேடியோ. மூன்று தவணை பாக்கி.
தெருவில் மல்லாந்து கிடந்தும் அது
கோல், கோல் என்று கத்திக்கொண்டே இருந்தது.
பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டில்
பூசணிக்காய்கூட வாங்கவில்லை.

சட்டையை நீட்டினேன். பச்சை வெள்ளைக் கோடு.
சின்னதாக இருக்குமோ என்றான்.
எங்கள் சட்டை எல்லாருக்கும் கொஞ்சம் சின்னதுதான் என்றேன்.
ஏன் அப்படிச் சொன்னேனோ.
தலை உள்ளே சிக்கிக்கொண்டது.
துணியின் இருட்டுக்குள் கொஞ்ச நேரம்
எந்தக் கிளப்பும் இல்லாமல் நின்றான் வில்மர் இதுர்ரால்தே.
வயிறு தெரிந்தது. அப்பெண்டிக்ஸ் தழும்பு தெரிந்தது.
விளிம்பைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டேன்.

ஆட்டமா அது.
பந்து ஓடியது, இவர்கள் நடந்தார்கள்.
ஒரு மூலையில் ஆறு விட்டுப்போன சேறு,
அங்கே போன பந்தை யாரும் துரத்தவில்லை.
அவன் அம்மா பெயர் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்,
இருபது வருடம் அதை வைத்துப் பாட்டுக் கட்டியிருக்கிறோம்.
இன்று வாயை மூடி மாத்தே உறிஞ்சினோம்.

ஐம்பதாவது நிமிடம் பெனால்டி.
சலாதேரோவில் ஒன்பதாம் எண்தான் அடிக்க வேண்டும்.
கோலில் நின்றவன் பிக்கார்தோ,
இதுர்ரால்தேயின் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன்.
எங்காவது மரத்துக்கு அடிப்பான்,
எல்லாரும் கைதட்டிவிட்டு சூப் குடிக்கப் போகலாம்,
அப்படித்தான் நினைத்தேன்.

பந்தைச் சட்டையில் துடைத்தான்,
என் வெள்ளைக் கோட்டில்.
வைத்தான். நான்கே எட்டு.
இடது மூலை, தரையோடு.
பிக்கார்தோ அசையக்கூட இல்லை.

இரண்டு பக்கமும் எழுந்து நின்றுவிட்டது,
சத்தம் மட்டும் வரவில்லை.
பிறகு எஸ்தாசியோன் பக்கத்தில் விசில்.
நாற்பது வருடச் சிநேகிதர்கள்.
விளையாட்டுக்குத்தான், முதலில்.
அவன் கையைத் தூக்கவில்லை.
குனிந்து சட்டையைப் பார்த்தான்,
பேருந்தில் பக்கத்து ஆளின் குடையை
எடுத்து வந்துவிட்டவன் பார்ப்பதுபோல்.
எங்கள் முரசுக்காரன் ஒரே ஓர் அடி அடித்தான்,
அடித்துவிட்டுத் தானே திடுக்கிட்டான்.

நாநூற்றுச் சொச்சம் போர்வை சேர்ந்தது.

இரவில் எண்ணினேன்.
பதினாறு சட்டை கொடுத்தேன், பதினைந்து வந்தது.
என் கையில் இதுவரை ஒரு காலுறை தொலைந்ததில்லை.
பதிவேட்டில் ஒன்பதுக்கு நேரே
கறை போகவில்லை, கிழித்துத் துடைதுணி ஆக்கியாயிற்று
என்று எழுதினேன்.

கொக்கியில் அவன் தொப்பி.
தனி வாளியில் ஊறவைத்தேன்.
கறுப்பு, சாயம் விடும்.