பத்தாவது வரி

ஒக்டோபர் வாசிப்பு மாதமாம்.
தலைமையகத்துச் சுற்றறிக்கை சொல்கிறது:
ஒவ்வொரு கிளை நூலகரும்
தாம் பரிந்துரைக்கும் பத்து நூல்களை
வெள்ளி நான்கு மணிக்கு முன் அனுப்ப வேண்டும்,
காரணம் ஒரு வரியில்.

வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை எங்கள் கிளை.
மாத்தறை ரெயில் போனால்
தமிழ்த் தட்டு மூன்றும் ஒன்றாய் நடுங்கும்.
உப்புக்காற்றில் அலுமாரிப் பிணைச்சல்கள் இற்றுப்போகும்,
தைத்த கம்பி துருப்பிடித்துப்
பக்கங்களில் தேமல் படரும்.

எழுத உட்கார்ந்தேன்.
முதலாவது, பச்சை அட்டை, தொடக்கத்தில் எட்டுப் பக்கம் இல்லை.
காரணம்: ஒருவரும் இதுவரை குறை சொன்னதில்லை.
அடுத்தது சித்தாலேப மணக்கும் கப்பல் கதை.
தலையிடியோடு யாரோ விடிய விடிய வாசித்திருக்கிறார்.
பிறகு, நானே வாசிக்காத ஒன்று:
எடுத்த நால்வரும் பிந்தித்தான் தந்தார்கள்,
தண்டப்பணத்தைச் சிரித்துக்கொண்டே கட்டினார்கள்.

இப்படியே ஒன்பது.

மதியம் ஓட்டோவை வாசலில் விட்டு
பெனடிக்ற் வந்தார்.
"மிஸ், லைப்ரரி ஒண்டைப் பற்றி ஒரு கதை தாங்கோ.
ஆனா அது எரியக் கூடாது."

தட்டின் முன் நின்றேன்.
ஒன்றில் தொண்ணூறாம் பக்கத்தில் எரிகிறது.
இன்னொன்றில் முதல் வரியிலேயே சாம்பல்.
மூன்றாவதில் கட்டடம் கடைசிவரை வெள்ளையாய் நிற்கிறது,
ஆனால் பின்னட்டையில் புகை.
எடுத்ததையெல்லாம் எடுத்த இடத்தில் வைத்தேன்.
அவர் தாடியைச் சொறிந்தார்.
"மழைக் கதை எண்டாலும் பரவாயில்லை.
நனைஞ்சா காயப்போடலாம்."

அலுவலக அறையில், படிவக் கட்டுகளுக்குக் கீழே
பழைய இரவற் பதிவேடு ஒன்று கிடந்தது.
பெயர், நூல், கொண்டுபோன நாள், தந்த நாள்.
இரவல் கொடுப்பதற்குரியதல்ல
என்று அட்டையிலேயே இருக்கிறது.
"அஞ்சு மணிக்கு முன்னம்," என்றேன்.

தன் ஓட்டோவின் பின் சீற்றில்
பயணி மாதிரிக் கால்மேல் கால் போட்டு வாசித்தார்.
பம்பலப்பிட்டிக்கு ஒரு ஹயர் வந்தது, போகவில்லை.
கைக்குழந்தையோடு வந்தவளுக்கு மட்டும்
வேறு ஓட்டோ பிடித்துக் கொடுத்தார்.

நான்கு மணிக்குப் பட்டியலை அனுப்பினேன்.
பத்தாவது வரி வெறுமையாய்ப் போனது.

ஐந்தே காலுக்கு வந்தார், விரலைப் பக்கத்துக்குள் வைத்தபடி.
"இஞ்ச பாருங்கோ, அம்பலவாணர் எண்டு ஒருத்தர்.
கோழி வளர்ப்புப் புத்தகத்தைப் பதினொரு தரம் எடுத்திருக்கிறார்.
வேற ஒண்டும் இல்லை, அது மட்டும்.
பதினோராம் தரம், எண்பத்துமூண்டு, ஜூலை இருபத்தொண்டு."
தந்த நாள் என்ற கட்டத்தைத் தொட்டார்.
நவம்பர் எட்டு.
மை வேறு, கை வேறு.
பக்கத்தில் சின்னதாய்ச் சிங்களத்தில்:
தண்டம் வேண்டாம்.

ரெயில் ஒன்று போய் முடியும்வரை
இரண்டு பேரும் பேசவில்லை.

"ஆர் கொண்டு வந்து குடுத்தது, மிஸ்?"
தெரியாது.
"அந்தாள் கோழி வாங்கினாரோ?"
அதுவும் தெரியாது.
"அடுத்த கொப்பி?"
கறையான்.

விவசாயத் தட்டில் தேடினேன்,
அவருக்காகவா எனக்காகவா தெரியவில்லை.
மாட்டுப் பண்ணைக்கும் தேனீக்கும் நடுவில்
மெலிந்துபோய் இருந்தது, முதுகில் பெயர் அழிந்து.
"உங்கட வீடு கொட்டாஞ்சேனைத் தொடர்மாடியெல்லோ,
நாலாம் மாடியில கோழியோ?"
"வாசிக்கத்தானே," என்றார்.
திகதி முத்திரையை மையில் இரண்டு தரம் குத்திப் பதித்தேன்.

திங்கட்கிழமை தலைமையகத்திலிருந்து தொலைபேசி.
"உங்கள் கிளைப் பட்டியலில் ஒன்று குறைகிறதே?"

அது இரவலில் போயிருக்கிறது என்றேன்.