கண்ணாடித் துண்டு

மூன்று வருடம் முகப்பரு என்றார்கள்.
பீல் நகரத்து மருந்துக்கடைப் படங்களில்
சிவந்ததெல்லாம் வெள்ளைக் கன்னங்கள்.
என் கறுப்பில் எரிவு மட்டும்தான்,
சாட்சி இல்லை.

டாக்டர் எக்லி
சின்னக் கண்ணாடித் துண்டொன்றைக்
கன்னத்தில் வைத்து அழுத்தினாள்,
எடுத்தாள்.
வெளிறிய இடத்துக்கு
இரத்தம் திரும்பி வருவதைக்
கைக்கண்ணாடியில் காட்டினாள்.
ரோசேசியா.
பூவின் பெயர் போலிருக்கிறதே என்று சிரித்தேன்.
அதுவும் எரிந்தது.

இப்போது
மூடுபனி நாளிலும் வெயில் கிரீம்,
இரவில் பட்டாணியளவு களிம்பு.
தேத்தண்ணி ஆறும்வரை பொறுக்கிறேன்.
பனியிலிருந்து பஸ்ஸின் வெக்கைக்குள் ஏறினால்
கதவோரமே நிற்கிறேன்,
ஒவ்வொரு தரிப்பிலும் கொஞ்சம் குளிர் வரும்.

நேற்று வதனி வீட்டில் நண்டுக்குழம்பு.
தெரிந்துதான் சாப்பிட்டேன்.
இரண்டு தரம்.