வெளிச்சம் போட வந்தவன்

தடைக்காலம் முடிய இன்னும் ஒரு ராத்திரி.
மண்டபம் ஜெட்டியில் விசைப்படகுகள்
வயிற்றைத் திறந்து வைத்து ஐஸுக்குக் காத்திருக்க
ஐஸ் கம்பெனியின் மெயின் பிரேக்கர் விழுந்தது.
ஏற்றினார்கள். இருபது நிமிடம். விழுந்தது.
மூன்றாம் தடவைக்குப் பிறகுதான்
என்னைக் கூப்பிட்டார்கள்.

"இழுத்துக் கட்டிட்டுப் போம்மா,
விடியிற மட்டும் நின்னாப் போதும்"
என்றார் மேனேஜர் செய்யது இபுறாகீம்.
கையில் கயிறே வைத்திருந்தார்,
வலை பொத்துகிற நீல நைலான்.

நான் எடுத்தவுடன் பிரேக்கரைச் சந்தேகிப்பதில்லை.
விழுந்ததென்றால் எதையோ பார்த்திருக்கிறது.
கம்ப்ரசர், பம்பு, கேபிள்
ஒவ்வொன்றாய் மெக்கர் வைத்துக் கேட்டேன்.
ஒன்றும் ஒளிக்கவில்லை.
டாங் டெஸ்டரைக் கவ்வவிட்டு ஓட்டச் சொன்னேன்:
நானூற்றுப் பத்து, நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்று எட்டு.
டயலில் வைத்திருப்பதோ அறுநூற்று நாற்பது.
மறுபடி விழுந்தது,
எர்த் ஃபால்ட் என்று சிவப்பு விளக்கைக் காட்டிக்கொண்டு.
காற்றைப் பார்த்துக் குரைக்கிற நாய்.

ட்ரிப் யூனிட்தான்.

மூடிக் கிடக்கும் இறால் கம்பெனியிலிருந்து
ஒன்றைக் கழற்றி வந்தார் மேனேஜர்.
அதே உருவம், அதே நாலு திருகு.
கச்சிதமாய் உட்கார்ந்திருக்கும்.
ரேட்டிங் பிளக்கில் மட்டும் ஆயிரத்து இருநூற்றைம்பது.
"இது கேபிள் உருகினாலும் விழாது" என்றேன்.
"அதுதானே வேணும்!"
நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிய பிறகு
ராமநாதபுரத்துக்கு பைக்கில் ஆள் போனது.

எண்ணூறு ஆம்பியர் யூனிட்
மீன் கூடையில் வந்து சேரும்போது மணி ஒன்று.
பழைய டயல்களின் எண்களை
ஐஸ் கேன் மூடியில் சாக்பீஸால் எழுதினேன்.
உள்ளங்கையில் எழுதினால் இந்தக் கரையில்
அரை மணியில் வியர்வை தின்றுவிடும்.
டிரான்ஸ்ஃபார்மர் ஸ்விட்ச்சை இறக்கிப் பூட்டினேன்.
ஜெனரேட்டர் பிரேக்கருக்கு இன்னொரு பூட்டு.
"ஜெனரேட்டர்தான் ஓடலியேக்கா" என்றான் இன்னாசி.
பூட்டினேன். சாவி இரண்டும் என் மணிபர்ஸில்.

டெஸ்டரை இன்வெர்ட்டர் பிளக்கில் வைத்தேன், எரிந்தது.
பஸ்பாரில் வைத்தேன், இல்லை.
திரும்பவும் பிளக்கில் வைத்தேன், எரிந்தது.
சாவு உண்மைதானா என்று கேட்கிறவள்
கேட்கிற கருவி உயிரோடு இருக்கிறதா என்றும்
பார்த்தாக வேண்டும்.
பிரேக்கரை வெளியே இழுத்து
தம் கட்டி நின்ற ஸ்பிரிங்கைத் தளர்த்திவிட்டு
நியூட்ரல் சி.டி.யின் திருகைப் பார்க்க
முழங்கை வரை பஸ்பாருக்குள் விட்டேன்.

அப்போது ஜெனரேட்டர் உறுமியது.

தரை அதிர்ந்தது. ஐஸ் கேன்கள் பல் கடித்தன.
என் கை இருந்த இடத்தில் இருந்தது.
எடுக்கவும் தோன்றவில்லை.
அந்தப் பித்தளைப் பூட்டு, நூற்றெண்பது ரூபாய்,
நாலடி தள்ளி
அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

லோடுமேன் பூவலிங்கம் ஓடி வந்தான்.
"அக்கா இருட்டுல வேலை பாக்குறீகளேன்னு
நான்தான் போட்டேன். வெளிச்சம் வரலியே?"
முகமெல்லாம் அக்கறை.
அவனைத் திட்ட எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை.
"டார்ச் இருக்குப்பா" என்றேன்.
குரல் என்னுடையது போல இல்லை.

மிச்சம் வேலைதான்.
பின்களைத் துடைத்து, யூனிட்டை அமர்த்தி,
மூடியைப் பார்த்து டயல்களைத் திருகி,
டெஸ்ட் கிட்டால் பொய்க் கரண்டு கொடுத்தேன்.
நானூறுக்கு அசையவில்லை.
எழுநூற்று ஐம்பதுக்கு, எண்ணிக்கொண்டே இருந்து,
டப்பென்று விழுந்தது.
அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும்.

மூன்றரைக்கு ஐஸ் கட்டிகள் சரிவில் இறங்கின.
"இனி விழாதே?" என்றார் மேனேஜர்.
"விழும்" என்றேன்.
பணத்தை எண்ணுவதை ஒரு கணம் நிறுத்தினார்.

டீக்கடை பெஞ்சில் பழைய யூனிட்டைப் பிரித்தேன்.
ஒரு பின்னின் கழுத்தில் பச்சை பூத்து,
அதன் மேல்
எறும்பு முட்டை அளவு உப்பு.
இன்னாசி அதைப் பார்க்கவில்லை.
பூட்டு இரண்டையும் சட்டையால் துடைத்து
மறுபடி மறுபடி
பூட்டித் திறந்துகொண்டிருந்தான்.