பதினெட்டு மாதம்

கரிப்பட்டமுறிப்பில்
தருமகுலசிங்கம் அண்ணரை ஏற்ற நின்ற இடத்தில்
டீசலுக்குக் கணக்குப் பார்த்து
எஞ்சினை நிற்பாட்டினேன்.
என் பிழை.

திரும்பத் திறப்பைத் திருக
'டிக்' என்றது.
பல்லி சொன்ன மாதிரி இன்னொரு 'டிக்'.
பிறகு அதுவும் இல்லை.

செவ்வாய், விடிய நாலரை.
ஐந்து பேருக்கும் ஆறரைக்கு
வவுனியா ஆசுபத்திரியில் ரத்தம் கழுவ வேணும்.
அவர்களைத் தள்ளச் சொல்லி எப்படிக் கேட்பது?
கேட்கவில்லை. இறங்கினார்கள்.
அண்ணர் ஊசி ஏற்றும் இடக்கையை
நெஞ்சோடு மடித்துக்கொண்டு
வலத்தோளைக் கொடுத்தார்.
ஜெயசீலி ரீச்சர் செருப்பைக் கழற்றி
வானுக்குள் எறிந்துவிட்டுத் தள்ளினா.
ரோட்டில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது.
ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.
இரண்டாம் கியரில் கிளச்சை விட்டேன்.

அவர்களுக்கு அங்கே நாலு மணித்தியாலம்.
எனக்கும் அவ்வளவுதான்.

முதல் கடையில்
பற்றரி வாங்கினால் மழைக்கோட்டு இலவசம்.
மழைக்கோட்டைப் பற்றித்தான் கூடப் பேசினார்கள்.

இரண்டாம் கடையில்
பழசைத் திறந்து புதுசாக்கினதாம், அரைவிலையாம்.
தடைக்காலத்தில்
செத்த ரோர்ச் பற்றரியை வெயிலில் காயவைத்து
பத்து நிமிசம் செய்தி கேட்ட பிள்ளை நான்.
அந்தப் பதினோராவது நிமிசம்
எனக்குத் தெரியும்.

கனடாவிலிருந்து அத்தான் சொன்னார்:
"கண்ணை மூடிக்கொண்டு ஜப்பான் எடு."
அங்கே பற்றரியைப் பனி கொல்லும்.
இங்கே வெயில்.
கண்ணை மூடிக்கொண்டு நான்
ஒன்றும் எடுக்கிறதில்லை, அத்தான்.

மூன்றாவது நிமலராஜின் கடை.
ஹொரவப்பொத்தானை வீதி, பலகை கூட இல்லை.
நான் காட்டியதை எடுத்து
பெருவிரலால் தூசியைத் துடைத்து
அடித்திருந்த எழுத்தைப் பார்த்தான்.
"இது போன வருசம் ஆவணி. ராக்கையிலேயே
ஒரு வயசு முடிஞ்சுது. வேண்டாம் அக்கா."
தானே தள்ளி வைத்தான்.

அதோடு விற்கவும் மறுத்தான்.
"முதல் ஓல்டனேற்றரைப் பாப்பம்.
பிழை அதிலை எண்டால்
என்ரை புதுசையும் அது சாக்காட்டிப்போடும்."
பெல்ற் தளர்ந்திருந்தது. இறுக்கினான்.
மீற்றரில் பதினாலு வந்தது.
அப்போதுதான் நான் விலை கேட்டேன்.

எழுபது அம்பியர். போன மாதம் செய்தது.
மூடி திறக்கிற வகை.
சீல் வைத்தது இன்னும் நல்லது என்றான்,
பராமரிப்பே இல்லையாம்.
இருக்கட்டும் தம்பி.
உள்ளே என்ன இருக்கிறதென்று
திறந்து பார்க்க விடாத பெட்டியை
நம்பச் சொன்னவர்கள் முன்பும் இருந்தார்கள்.
எனக்குத் தண்ணி மட்டம் கண்ணால் தெரிய வேணும்.

பழசுக்கு நாலாயிரம் கழித்தான்.
பதினேழு கிலோ ஈயமும் அசிட்டும்.
சேலைத் தலைப்பில் ஒரு துளி பட்டு
வீட்டுக்குப் போக முதல் ஓட்டை விழுந்தது.

அட்டையில் பெயர், வான் நம்பர், திகதி.
சீலை ஊதி ஊதிக் குத்தினான்.

பின்னேரம்
முன் சீற்றில் அண்ணர் அட்டையை எடுத்தார்.
பஞ்சு ஒட்டிய கை.
"எத்தினை மாசம் பிள்ளை?"
"பதினெட்டு."
"பறவாயில்லை. எனக்கு ஒருத்தரும்
சீல் குத்தித் தரேல்லை."

வானுக்குள் சத்தமில்லை.
ஜெயசீலி ரீச்சர்தான் முதல் சிரித்தா.
பிறகு ஓமந்தை மட்டும் சிரித்துக்கொண்டே வந்தோம்.

மாங்குளத்தில் கையை நீட்டினார்: "தொட்டுப் பார்."
நாடியும் நாளமும் கோத்த இடத்தில்
தோலுக்குக் கீழே விர்ரென்று
ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.
"இது நிண்டால் உடனை வரச் சொன்னவை.
நித்திரையிலும் காதுக்குக் கிட்ட வைச்சுத்தான் படுக்கிறன்."

கரிப்பட்டமுறிப்பு.
அவர் இறங்கினார்.
வேண்டுமென்றே எஞ்சினை நிற்பாட்டினேன்.
படலையைத் திறக்கப் போன மனிசன்
திறக்காமல் நின்று
காதைக் கொடுத்தார்.

திறப்பைத் திருகினேன்.